நிரோஷாவுக்கு எத்தனை வயது

1

நேற்றுப் பின்னேரம் ஒரு தாடிக்காரனுக்கு நான் பியர் விற்கவில்லை. சட்டையின் இரண்டாவது பொத்தான் வரைக்கும் இறங்கின தாடி. அடையாள அட்டை கேட்டேன். சிரித்துக்கொண்டு, தனக்கு இருபத்துமூன்று என்றான். எந்த வருசம் பள்ளிக்கூடத்தை விட்டாய் என்று சும்மா கதை கேட்பதுபோலக் கேட்டேன். அவனுடைய கண் மேலே சிகரெட் அலுமாரிப் பக்கம் போய், இரண்டு செக்கன் கழித்துத் திரும்பி வந்தது. எனக்கு அது போதும். உண்மை வயது உள்ளவனுக்குக் கணக்குத் தேவையில்லை. பொய் வயதுக்காரன்தான் மனதுக்குள் கழித்துப் பார்ப்பான்.

விற்க ஏலாது என்றேன். போகும்போது கதவடியில் நின்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனான். அதை இங்கே எழுதவில்லை, ஊரில் வயது போனவர்களும் இதை வாசிப்பார்கள்.

கடலைப் பார்த்த ஓர்ஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்த நான், இங்கிலாந்தில் கடலே இல்லாத ஒரு சின்ன நகரத்தில், பாலும் பாணும் பியரும் விற்கிற கடையில் பத்தொன்பது வருசமாக நிற்கிறேன். என் வேலையில் பாதி சந்தேகப்படுவது. இருபத்தைந்துக்குக் குறைவாகத் தெரிந்தால் அட்டை கேட்போம் என்று கதவிலே ஒட்டியிருக்கிறது. நகரசபைக்காரர் சில வேளை பதினேழு வயதுப் பிள்ளையையே அனுப்பிச் சோதிப்பார்கள். பிள்ளை வந்து போத்தலை மேசையில் வைக்கும். நான் விற்றுவிட்டால் வெளியே காருக்குள் இருக்கிறவர் இறங்கி உள்ளே வருவார். அதனால் போத்தலோடு வருகிற பிள்ளையையும் சந்தேகம், வெளியே நிற்கிற காரையும் சந்தேகம். எங்கள் முதலாளி வெருகல் பக்கத்து ஆள். அவர் சொல்வது: "தம்பி, உன்ர மனிசி தலைக்கு மை பூசிக்கொண்டு வந்தாலும் அட்டையைக் கேள்."

இவ்வளவும் ஒரு சொல்லுக்காக. அண்டர்ஏஜ்.

நான் இங்கிலீஷை ஒழுங்காகப் படித்தவன் இல்லை. ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து, வைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்துப் பழகினவன். நம்முடைய ஊர் அரசாங்கக் கச்சேரிக் கடதாசிகளில் ‘பராயமடையாதவர்’ என்று இருக்கும். அது ஒரு ஆளைக் குறிக்கும், அவ்வளவுதான். அண்டர்ஏஜ் அப்படி ஓரிடத்தில் நிற்கிற சொல் இல்லை. பிள்ளையிலும் ஒட்டும், பிள்ளை செய்கிற வேலையிலும் ஒட்டும். அண்டர்ஏஜ் கேர்ள் என்பார்கள், அண்டர்ஏஜ் டிரிங்கிங் என்றும் சொல்வார்கள். குடிக்கு ஏது வயது என்று நான் கன நாள் யோசித்திருக்கிறேன்.

தனியே விட்டால் அதற்கு முழு அர்த்தமும் இல்லை. என் மகள் அபிக்குப் பதினேழு. கார் ஓட்ட வயது வந்துவிட்டது. பட்டாசு வாங்க வரவில்லை. எங்கள் கடையில் பரசிற்றமோல் வாங்கலாம், பியர் வாங்க ஏலாது. ஒரே பிள்ளை, ஒரே நாளில், ஒரு தட்டுக்கு முன்னால் அண்டர்ஏஜ், அடுத்த தட்டுக்கு முன்னால் இல்லை. ஆகவே உங்களிடம் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் மெல்ல மெல்லத்தான் கண்டுபிடித்தேன். சொல் ஒட்டியிருப்பது பிள்ளையில், தண்டம் விழுவது விற்ற பெரியவருக்கு. அந்தத் தாடிக்காரனுக்கு நான் விற்றிருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருப்பான், நான் கோட்டுக்குப் போயிருப்பேன்.

2

என்னையும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தார்கள். கண் மேலே போகிறதா என்று.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு இருபது. வயதைப் பதினாறு என்று சொல்லச் சொல்லி ஏஜென்ட் பாடமாக்கித் தந்தவர். பதினாறு என்றால் பிள்ளை, திருப்பி அனுப்பமாட்டார்கள், வளர்ந்தவனென்றால் மறியலில் வைப்பார்கள் என்றார். பிறந்த வருசத்தைக் கொழும்பிலிருந்து வரும்வரைக்கும் செபம் மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தனான்.

ஒரு சின்ன அறையில் இரண்டு அதிகாரிகள், ஒரு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் மதுரைப் பக்கத்து அம்மா. நான் ‘ஏலாது’ என்றால் ஒரு கணம் நின்று யோசித்துத்தான் சொல்வார். வயது கேட்டார்கள், சொன்னேன். பள்ளிக்கூடம் எப்போது தொடங்கியது என்றார்கள், சொன்னேன். எல்லாம் நல்லபடி போனது. கூடப்பிறந்தவர்கள் உண்டா என்றார்கள். தங்கச்சி ஒருத்தி, தவமணி, பதினெட்டு வயது என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே மொழிபெயர்த்தார். எனக்குக் குறைத்த நான், தவத்துக்குக் குறைக்க மறந்துபோனேன். பதினாறு வயது அண்ணனுக்குப் பதினெட்டு வயதுத் தங்கச்சி.

அவள் உண்மையில் அக்காதான், செல்லமாகத் தங்கச்சி என்று கூப்பிடுவோம் என்று சமாளித்தேன். எழுதிக்கொண்டார்கள். நம்பினார்களோ தெரியாது. தோற்றம் முதிர்ந்திருந்தாலும் சந்தேகத்தின் பலனைப் பிள்ளைக்கே கொடுக்கிறோம் என்று முடிவு வந்தது. அந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாக அண்டர்ஏஜ் என்ற சொல்லைக் கண்டேன். அது என்னைத்தான் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில் விட்டார்கள். ஒன்பது மணிக்குப் படுக்கச் சொல்லுவா, ஒரு கிளாஸ் பால் தருவா, ஈரத் தலையோடு வெளியே விடமாட்டா. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் கழுத்துப்பட்டியோடு போய் இருந்தேன். காலையில் ஒருக்கா, மத்தியானம் பள்ளிக்கூடக் கழிவறையில் ஒருக்கா சவரம். இன்றைக்கும் என் கடதாசிகளில் நான் நாலு வயது இளையவன். அபி எனக்குக் கேக் வாங்குவது நான் பிறக்காத ஒரு நாளில். கடதாசிப்படி தவம் எனக்கு அக்கா.

3

அபி என்னோடு இங்கிலீஷில் கதைப்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். அவளுக்கு ஊரோடு ஒட்டு இல்லை என்று என் மனிசியிடம் குறைப்பட்டுக்கொண்டே இருந்தேன். குச்சவெளியில் இருக்கிற தவத்தின் மகள் நிலானியோடு அவள் ஒவ்வொரு நாளும் போனில் எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிற ஏதோவொரு பாஷை. இருவருக்கும் ஒரே வயது, நிலானி இரண்டு மாதம் மூப்பு.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அபி கேட்டாள். தமிழில் கேட்டாள், அதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

"அப்பா, நிலானி இனி நிலானி இல்லையாம். நிரோஷாவாம். யார் அது?"

சாப்பாட்டை ஒதுக்கி வைத்தேன்.

நிரோஷா தவத்தின் மூத்த பிள்ளை. சுனாமி வந்த காலையில் குச்சவெளியில் அவர்களுடைய வீடு கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அப்போது நிரோஷாவுக்கு ஒன்றரை வயது. தவத்தின் கையில்தான் இருந்தாள். கையில் இருந்தாள் என்பதற்கு மேல் தவம் இன்றுவரைக்கும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. உடல் கிடைக்கவில்லை. முகாமுக்கு அதிகாரிகள் வந்து இறப்புப் பதிவுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். தவம் வைக்கவில்லை. தவத்தின் மனிசன், என் மச்சான், இரண்டொரு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, அவள் சொல்லும் நேரம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். வீட்டோடு போன கடதாசிகளுக்குப் பிரதி எடுத்தபோது, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழோடும் நிரோஷாவுடையதையும் எடுத்து வைத்தாள். நாலு வருசம் கழித்து நிலானி பிறந்தாள்.

ஆக, அரசாங்கத்தின் கணக்கில் நிரோஷா இன்னும் இருக்கிறாள். அவளுக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது.

மிச்சத்தை அபி போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். மச்சானுக்கு முதுகு விழுந்து கடலுக்குப் போக ஏலாது. நிலானிக்கு ஓ.எல். சோதனையில் கணக்குப் பிழைத்துவிட்டது. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்கு ஆள் அனுப்புகிற ஒருவர் தவத்திடம் வந்து போகிறார். வேலைக்குப் போக இருபத்தொன்று வேண்டும், நிலானிக்குப் பதினேழு. அதனால் நிலானி நிரோஷாவாகப் போகிறாள். அடையாள அட்டைக்கும் அந்தப் பெயரிலேயே எழுதிப் போட்டாயிற்று. நிலானி தன் பெயரில் இன்னும் அட்டை எடுக்கவில்லை. அட்டைக்குச் சாட்சி சொல்கிற கிராம சேவகர் ஊருக்குப் புதியவர். பழைய ஆட்களுக்குத் தெரியும், ஆனால் யார் வாய் திறப்பார்கள்? எல்லோருக்கும் தவத்தைப் பார்த்தால் பாவம்.

நிலானி சந்தோசமாகத்தான் எழுதியிருந்தாள். இரண்டே வருசம்தானாம். அபியும் தன் பாட்டில் ஒரு கேள்வி கேட்டாள். அங்கே அவளை யாராவது அண்டர்ஏஜ் என்று சொல்வார்களா அப்பா என்று. சொல்லமாட்டார்கள், அதுதான் பயம் என்றேன்.

4

தவத்திடம் கதைக்க முதல் ஏஜென்டைச் சோதிக்க நினைத்தேன். கடைப் புத்திதான். நிலானியிடமிருந்து அபி இலக்கத்தை எடுத்துத் தந்தாள். தவத்தின் அண்ணன் என்று சொல்லாமல், எனக்கும் மூதூரில் பதினேழு வயதில் ஒரு மருமகள் இருக்கிறாள், போக வழி உண்டோ என்று கேட்டேன்.

நல்ல மரியாதையான மனிசன். அண்ணை, அண்ணை என்று நெய்யாகக் கதைத்தார். அலுவலகம் டவுனுக்குள், வந்தால் தேத்தண்ணி குடிக்கலாம் என்றார். வயது குறைவல்லோ என்று இழுத்தேன்.

"வயசு ஒரு பிரச்சினையே இல்லை அண்ணை. வீட்டில மூத்த பிள்ளை ஆரும் தவறினதோ?"

தண்ணி கேட்கிற குரலில் கேட்டார். போனை வைத்துவிட்டுக் கடையின் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் பால் பெட்டியில் இருந்தேன். எத்தனை வீட்டில் இதைக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் கரையில் எந்த வீட்டில் கேட்டாலும் மூத்ததோ இளையதோ ஒன்று தவறித்தான் இருக்கும். சுனாமியில் ஒன்று, சண்டையில் ஒன்று. பதியாமல் விட்ட சாவுகள் அலுமாரிகளுக்குள் மடித்து வைத்தபடி கிடக்கின்றன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் மத்தியான இடைவேளையில் தவத்துக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம், குசினியில் ஏதோ பொரிகிற சத்தம். அபி சொன்னதாகச் சொல்லவில்லை. தவம் அதை ஒரு நிமிசத்தில் கண்டுபிடித்துவிட்டாள். மறுக்கவும் இல்லை. நான் சட்டம் கதைத்தேன், பிடிபட்டால் மறியல் என்றேன். கதவு பூட்டுகிற வீடுகளைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பொரியலைப் பிரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பை நிறுத்தினாள்.

"அண்ணா, நீங்கள் நாலு வயசு குறைச்சுச் சொல்லிப் போனனீங்கள். அது கெட்டித்தனம். என்ர பிள்ளை அஞ்சு வயசு கூட்டிச் சொன்னா மட்டும் களவோ?"

இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். முடிய இன்னும் பத்து நிமிசம் இருந்தது.

5

மூன்று நாள் அந்தக் கேள்வியோடு திரிந்தேன். பொய் என்றால் இரண்டும் பொய். என் பொய்யால் ஒருவருக்கும் நட்டமில்லை என்றும் சொல்ல ஏலாது. அந்த வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில் நான் படுத்த கட்டிலில் உண்மையிலேயே பதினாறு வயதான ஒரு பிள்ளை படுத்திருக்கலாம். அதை நான் இதுவரைக்கும் ஒருவருக்கும் எழுதியதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வயதைக் குறைத்த உடனே என்னைப் பார்க்கிற பொறுப்பு உலகத்துக்கு வந்துவிட்டது. பால் குடித்தாயா என்று கேட்க ஆள் வந்தது. தலை துவட்டினாயா என்று கேட்க ஆள் வந்தது. நிலானி வயதைக் கூட்டினால் அதெல்லாம் எதிர்ப்பக்கம் ஓடும். அண்டர்ஏஜ் என்ற அந்தச் சொல்லை நான் பிள்ளையைத் தடுக்கிற சொல் என்றே இவ்வளவு காலமும் நினைத்தேன். கடையில் அப்படித்தானே பாவிக்கிறேன். அது பெரிய ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டி மறிக்கிற சொல் என்று இப்போதுதான் விளங்கியது. அதை நிலானியிலிருந்து கழற்றினால் அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை.

அபியிடம் என் வயதைச் சொன்னேன். நாற்பத்தாறு என்று. அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், நான் தாடிக்காரனைப் பார்த்ததுபோல. பிறகு, உண்மையான பிறந்தநாள் எது என்று கேட்டாள். சொன்னேன். தவம் மாமியிடம் கேட்டுச் சரிபார்க்கலாமோ என்றாள். பாருங்கோ, என் பிள்ளை.

நாலாம் நாள் திரும்ப எடுத்தேன். நியாயம் ஒன்றும் கதைக்கவில்லை. இதை மட்டும் கேட்டேன்.

"தவம், அங்க அவளுக்கு ஒண்டு நடந்தா, கடதாசி எந்தப் பேரில வரும்?"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். செக்கன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நிரோஷா எண்டு வரும்" என்று நானே சொன்னேன். "அதுக்கு நீ கையெழுத்து வைக்கவேணும். நிலானிக்கு வைக்க ஒண்டும் இராது."

போன் கட்டாகிவிட்டது.

6

அதற்குப் பிறகு பத்து நாள் தவம் எடுக்கவில்லை. நிலானியும் அபிக்கு எழுதவில்லை. நான் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பயணம் கட்டிவிட்டாளோ, கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்களோ, போனைப் பறித்துவிட்டார்களோ. கடையில் ஒரு மனிசிக்கு, பேரப்பிள்ளை கண்ட மனிசிக்கு, அட்டை கேட்டுவிட்டேன். அவ பெருமைப்பட்டு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போனா.

பதினோராம் நாள் தவம்தான் எடுத்தாள். குரல் சாதாரணமாக இருந்தது. ஏஜென்டிடம் போய்ச் சான்றிதழைத் திருப்பிக் கேட்டாளாம். மனிசன் உடனே தந்துவிட்டார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. வெளியே வரும்போது நிலானி சொல்லியிருக்கிறாள், அம்மா அவர் கொப்பி எடுத்து வைத்திருப்பார், நான் போகாவிட்டால் வேறு பிள்ளை அக்காவின் பேரில் போகும் என்று. இந்தக் குடும்பத்தில் சந்தேகம் ஒருவருக்கும் குறைவில்லை.

அடுத்த நாள் தாயும் மகளும் பஸ் எடுத்துப் பிரதேச செயலகத்துக்குப் போயிருக்கிறார்கள். பதிந்துவிட்டேன் அண்ணா என்றாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. நான் சமாதானமாகட்டும் என்று சொல்கிறாளோ என்று நினைத்தேன். விண்ணப்பத்தின் படம் இருந்தால் அனுப்பு என்றேன். அவள் கோபிக்கவில்லை. நிலானி கொப்பி எடுத்து வைத்திருக்கிறாள், அனுப்பச் சொல்கிறேன் என்றாள்.

படம் வந்தது. தவம் தன் கையாலேயே நிரப்பியிருந்தாள். பெயர், இடம், தாய் தகப்பன் பெயர், எல்லாம் குண்டு குண்டாக, ஆறாம் வகுப்பில் எழுதின அதே எழுத்து. இறக்கும்போது வயது என்ற கட்டத்தில் மட்டும் ஒரு வெட்டு. இருபத்திரண்டு என்று எழுதி, ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஒன்றரை என்று இருந்தது. ஒன்றரை வேறு கையெழுத்து.

திரும்ப எடுத்து அதைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தவம் ஆறுதலாகத்தான் சொன்னாள். அங்கே இருந்த கிளார்க் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் பிள்ளையாம், நல்ல பிள்ளை. விண்ணப்பத்தையும் பிறப்புச் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேசாமல் இவளுக்கு முன்னால் திருப்பி வைத்திருக்கிறா. பிறகு, அம்மா, இது இப்ப உள்ள வயது, அந்த நேரம் எத்தினை என்று கேட்டிருக்கிறா.

"எனக்கு விளங்கினது அண்ணா. ஆனா கை எழும்பேல்ல. கன நேரம் இருந்தனான். பின்னுக்கு ஆக்கள் நிண்டவை, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. பிறகு நிலானி என்ர கையில இருந்து பேனையை வாங்கினவள்."